புது ஸ்கூட்டரின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்: என் அனுபவம்

2025 செப்டம்பர் 22 அன்று 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்காகவே காத்திருந்து, மதுரையில் ஒரு 110 சிசி ஸ்கூட்டர் எடுத்தேன். ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றுமே நல்ல வண்டிகள். எது வாங்கலாம் என்பதற்கு என்னிடம் பெரிய ஆராய்ச்சி இல்லை. இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா, சென்டர் ஸ்டாண்டு சிரமமில்லாமல் போட வருகிறதா, வீட்டுப் பக்கத்தில் நம்பி விடும்படி சர்வீஸ் இருக்கிறதா என்று பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும்.

நான் எழுத வந்தது வண்டியை எடுக்கும் நாளைப் பற்றியும் அதன்பிறகு வரும் முதல் ஆயிரம் கிலோமீட்டரைப் பற்றியும். புது என்ஜின் படியும் வரை வண்டியைப் பதமாக ஓட்டுவதைத்தான் ரன்னிங்-இன் என்கிறார்கள். "கியர் இல்லாத வண்டிக்கு ரன்னிங்-இன் எல்லாம் கிடையாது மேடம், எடுத்த அன்னைக்கே எப்படி வேணாலும் ஓட்டலாம்" என்று எனக்கு ஷோரூமிலேயே சொன்னார்கள். அது தவறு. வண்டியோடு தரும் கையேட்டிலேயே ரன்னிங்-இன் பற்றித் தனியாகப் போட்டிருக்கிறது.

முதலில் வாங்கும் கதை. முழுப்பணம் கட்டி ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பும் முன், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைக் கண்ணால் பாருங்கள். நம்பர் விழுந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. "சேஸிஸ் நம்பர் அலாட் ஆயிடுச்சு, டெலிவரிக்கு வந்தா போதும்" என்றார்கள். பார்த்தால்தான் மீதிப் பணம் என்று உட்கார்ந்துவிட்டேன். குடோனுக்குக் கூட்டிப்போனார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா வண்டியும் பளபளவென்றுதான் தெரியும். வெளியே வெயிலுக்குத் தள்ளி வரச் சொன்னேன். முன்பக்கப் பலகையான ஏப்ரனில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், பாலிஷ் போட்டு மழுப்பியிருந்தது. தயாரித்த மாதத்தைக் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. ஃபாரம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தயாரித்த மாதமும் வருடமும் கட்டாயம் இருக்கும், அதில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் அது பல மாதம் நின்ற வண்டி என்று ஒப்புக்கொண்டார்கள். வேறு வண்டி வர ஒரு வாரம் ஆனது. காத்திருந்தது வீண்போகவில்லை.

ஆக்சஸரீஸ் பட்டியலையும் வரிவரியாகப் படியுங்கள். பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கும் சாரி கார்டு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி வண்டியோடேயே வர வேண்டியவை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டும் அப்படித்தான். இவற்றைத் தனி விலை போட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், கேட்டதும் நீக்கிவிட்டார்கள். இன்சூரன்ஸை அவர்களிடமேதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்கு எடுக்க வேண்டும். நம் வண்டிக்கான காப்பீட்டை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். வெளியே விலை கேட்டுவிட்டு வந்து பேசினால் அவர்களும் இறங்கி வருகிறார்கள்.

டெலிவரி அன்று பாண்டி கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி, நேராக பெட்ரோல் பங்குக்குப் போனேன். ஷோரூமில் ஊற்றும் பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் தாங்கும். அங்கே செய்த முக்கியமான வேலை காற்று பார்த்தது. எங்கள் வண்டிக்கு முன்னால் 22, பின்னால் 29 என்று போட்டிருக்கிறது. மீட்டர் வைத்தால் இரண்டு டயரிலும் நாற்பதுக்கு மேல் இருந்தது. லாரியில் ஏற்றி வரும்போது கூடுதலாக அடிப்பதை யாரும் குறைக்காமலே கொடுத்துவிடுகிறார்கள். புது டயரின் மேல்தோல் ஏற்கெனவே வழுவழுப்பாக இருக்கும். அதில் காற்றும் அதிகம் என்றால் மணல் கிடக்கும் திருப்பத்தில் சறுக்கிவிடும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு வளைவில் சாய்த்து ஓட்டவே கூடாது. பிரேக்கும் அப்படித்தான். புது பிரேக் ஷூ டிரம்மில் முழுதாகப் படிய நாளாகும், அதுவரை பிடி கொஞ்சம் குறைவாகவே இருக்கும். முன்னால் போகும் ஷேர் ஆட்டோவோடு கூடுதலாக இடைவெளி விட்டேன்.

இப்போது என்ஜினுக்கு வருவோம். சிலிண்டரின் உட்சுவரில் ஆயில் தங்குவதற்காக நுண்ணிய கோடுகள் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் அந்தச் சுவரோடு உரசி உரசித்தான் தனக்கான இடத்தில் படிகிறது. புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் தவிட்டை அரைத்துக் கழுவிய பிறகுதான் மசாலா வைப்பார்கள், அதே கணக்குதான். ரிங் சரியாகப் படியாவிட்டால் பின்னாளில் ஆயில் குடிக்கும், இழுவை குறையும். எங்கள் அப்பா கைனடிக் ஹோண்டா வைத்திருந்தார். 1984-இல் வந்த வண்டி அது. கியர் இல்லாமல் பட்டன் ஸ்டார்ட்டோடு நம் ஊருக்கு வந்த முதல் ஸ்கூட்டர். டூ ஸ்ட்ரோக் காலத்தில் புது வண்டியை விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து பயந்து ஓட்டுவார்கள். இன்றைய என்ஜின்களுக்கு அந்தப் பயம் வேண்டாம், ஆனால் ரிங் படிய வேண்டிய வேலை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பலர் அந்தப் பழைய பயத்தோடு வண்டியை இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே உருட்டுகிறார்கள். நானும் அப்படி ஓட்டுவதாகத்தான் இருந்தேன். எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்க்க வந்தவர் சொன்னார்: "தங்கச்சி, மெதுவா போறேன்னு இருபதுலயே உருட்டாத. கிளட்ச் கடிச்சும் கடிக்காமலும் தேயும். முப்பத்தஞ்சுக்குப் போ, அப்புறம் ஆக்சிலேட்டரை விடு, திரும்ப ஏத்து. ஒரே பிடியா பிடிச்சுக்கிட்டு மட்டும் போகாத."

அவர் சொன்னதன் காரணம் இதுதான். ஸ்கூட்டரில் கியருக்குப் பதில் ஒரு பெல்ட்டும் இரண்டு புல்லியும் இருக்கின்றன. முன் புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் என்ஜின் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப வெளியே தள்ளப்பட்டு பெல்ட்டை மேலே ஏற்றும். பின்னால் கிளட்ச் ஷூ விரிந்து, தன்னைச் சுற்றியிருக்கும் மணி போன்ற உலோக மூடியைக் கடிக்கும். ஓரளவு வேகம் வந்த பிறகுதான் அது முழுதாகக் கடிக்கிறது. அதற்குக் கீழே ஊர்ந்துகொண்டே இருந்தால் ஷூ வழுக்கிச் சூடாகும். கியர் வண்டியில் நாம் கிளட்ச்சையும் கியரையும் மாற்றி என்ஜின் வேகத்தை ஏற்றி இறக்குகிறோம். இங்கே அந்த வேலை முழுதும் வலது மணிக்கட்டில்தான் இருக்கிறது. அதனால் ரன்னிங்-இன்னில் கவனிக்க வேண்டியது ஆக்சிலேட்டரைத்தான்: வெடுக்கென்று திருகக் கூடாது, முழுதாகத் திருகக் கூடாது, ஒரே அளவில் நெடுநேரம் பிடிக்கவும் கூடாது.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாதை தல்லாகுளத்திலிருந்து அழகர்கோயில் போகும் சாலை. காலையில் கூட்டம் இருக்காது. ஊருக்கு ஊர் வேகத்தடை வரும், ஆகவே ஏற்றி இறக்கி ஓட்டுவது தன்னாலேயே நடக்கும். 7.3 கிலோமீட்டர் நீளமான நத்தம் மேம்பாலத்தை மட்டும் தவிர்த்தேன். அங்கே ஏறினால் கை ஒரே பிடியில் நின்றுவிடும். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை நாற்பது, நாற்பத்தைந்து. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஐம்பத்தைந்து வரை. பின்னால் ஆள் வைத்துக்கொண்டு சோலைமலை ஏற்றத்தில் ஏறவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் விட்டுக் கிளம்பினால் போதும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்குவதை வீட்டில் யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும்.

முதல் சில நாள் சைலன்சரிலிருந்து லேசாகத் தீய்ந்த வாடை வரும். மேல்பூச்சு காய்வதுதான். நிறுத்திய பிறகு கேட்கும் டிக் டிக் சத்தம் சூடான உலோகம் ஆறும் சத்தம். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம்.

முதல் சர்வீஸை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். போல்ட்டைக் கழற்றியதும் வந்த ஆயில் தேன் நிறத்தில் இல்லை, சாம்பல் பூத்த கறுப்பு. தட்டை வெயில் பக்கம் சாய்த்துப் பார்த்தால் ஜிகினாத் தூள் கலந்ததுபோல மின்னியது. அத்தனையும் உரசி வந்த உலோகப் பொடி. பெரும்பாலான 110 சிசி ஸ்கூட்டர்களில் காரில் இருப்பதுபோல ஆயில் ஃபில்டர் கிடையாது, ஒரு சின்ன வலை மட்டும்தான். மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்குக் குறைவு. அதனால் இந்த முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர், நாள் இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் விட்டுவிடுங்கள். வாரன்டியும் அதைப் பொறுத்ததுதான். சிலர் முதல் சர்வீஸ் என்றால் வாட்டர் வாஷ் போட்டு, இருக்கும் ஆயிலுக்கு டாப்-அப் செய்து அனுப்புகிறார்கள். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ஆயில் மாற்ற வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரங்களுக்கான கியர் ஆயிலையும் எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் தொடுவதே இல்லை.

மைலேஜ் கேட்பவர்களுக்கு: டேங்கை ஆட்டோ கட் வரை, அதாவது பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓட்டிய பிறகு அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். ஆரம்பத்தில் மதுரை நெரிசலில் 40-க்குப் பக்கம் கொடுத்தது. முதல் சர்வீஸுக்குப் பிறகு 46, 47 வருகிறது. ஐட்லிங்கில் கைப்பிடியில் இருந்த அதிர்வும் குறைந்திருக்கிறது. இரண்டாம் சர்வீஸில் பெல்ட் கவரைத் திறந்து தூசி தட்டச் சொல்லலாம் என்றிருக்கிறேன், எங்கள் பக்கம் புழுதி அதிகம்.