மறு: சலினிட்டி – 'உவர்மை' மட்டும் போதாது

வணக்கம்.

சலினிட்டிக்கு (நீரிலோ மண்ணிலோ கரைந்துள்ள உப்பின் அளவு) 'உவர்மை' என்ற ஒரே தமிழ்ச்சொல்லை வைத்து முடித்துவிடலாம் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கடல்நீருக்கும் வயலுக்கும் அது சரி. களர், உவர் என்று மண்ணைப் பிரித்துச் சொல்லும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. மண்ணே இல்லாமல் தொட்டித் தண்ணீரில் கீரை வளர்க்கிறவனை அந்த ஒரு சொல் குழப்பிவிடும். நான் குழம்பினேன், செடிகள் போயின.

காரைக்குடியில் எங்கள் மாடியில் மார்கழியில் லெட்டூஸ் போட்டேன் (சித்திரை வெயிலுக்கு விதையே ஒழுங்காக முளைக்காது). போர் தண்ணீரில் மின்கடத்துதிறன் மீட்டரை (கரைந்த உப்பு கூடக்கூட எண் ஏறும்) விட்டால் உரம் போடும் முன்பே 1.1 டெசிசீமென்ஸ்/மீ காட்டியது. லெட்டூஸுக்குக் கரைசல் 1.2 முதல் 1.8 வரை இருக்கலாம் என்பதால் உரத்தைக் கலந்து 1.8-இல் நிறுத்தினேன். கணக்குப் பார்த்தால் அதில் சாப்பாடு வெறும் 0.7தான். செடி நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு சோடியம், குளோரைடைப் பெரும்பாலும் தொட்டியிலேயே விட்டுவிடுகிறது. குறையக் குறைய நான் அதே போர் தண்ணீரை ஊற்றி, எண் 1.8-ஐத் தாண்டாதபடி உரத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் போட, உள்ளே உரம் குறைந்து உப்பு ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் வாரம் இலை சிறுத்துத் தடித்தது, நடுக்குருத்தின் ஓரம் கருகியது. உப்பு ஏறிய கரைசலில் வேர் தண்ணீரை இழுக்கவே திணறும். போதாக்குறைக்குச் சோடியம் கால்சியத்தோடு போட்டி போடும், குருத்துக்குக் கால்சியம் போய்ச் சேராது. 'சவர்த்தண்ணிய ஊத்துனா பச்சை நிக்குமா' என்று ஆச்சி முதல் நாளே கேட்டார். அவரிடம் மீட்டர் கிடையாது.

மீட்டர்மேல் குற்றம் இல்லை. 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மின்கடத்துதிறனைக் குறை சொல்ல எனக்குத் துணிவும் இல்லை. அது கரைந்த உப்பு மொத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது, பிரித்துச் சொல்வதில்லை. பிரிக்கிற வேலையைச் சொல்தான் செய்யவேண்டும். ஆகவே என் முன்மொழிவு: செடி உண்பது ஊட்டுப்பு, உண்ணாமல் தொட்டியில் சேர்ந்துகொண்டே போவது தங்குப்பு. ஊட்டு, தங்கு இரண்டும் குற்றியலுகரம் என்பதால் உப்போடு இடறாமல் சேர்கின்றன. 'எச்ச உப்பு' என்றும் யோசித்தேன், ஆனால் எச்சம் என்றால் பறவை நினைவுதான் முதலில் வருகிறது.

அப்புறம், லெட்டூஸின் தாங்கு எல்லை (விளைச்சல் குறையாமல் செடி தாங்கும் உப்பளவு) 1.3 டெசிசீமென்ஸ்/மீ என்று எழுதியிருந்தீர்கள். அது 1977-இல் மாஸ், ஹாஃப்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பயிர்களின் உப்புத் தாங்கும் திறன் பற்றித் தொகுத்த பட்டியலில் உள்ளது, மண்ணை நீரில் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கானது. தொட்டிக் கரைசலுக்கு அப்படியே ஒட்டவைத்தால் உரமே போட முடியாது. 'தாங்கு எல்லை' என்ற சொல் நன்றாகவே இருக்கிறது, எதன் எல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) ஓட்டுச்சரிவிலிருந்து விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்துக் கலக்கிறேன். மீட்டரில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதனால் காட்டுகிற எண் முழுக்க ஊட்டுப்பு.

ஒரு ஆட்சேபம் வரும் என்று தெரியும்: கிணற்றுநீரில் உள்ள கால்சியம் ஊட்டுப்பா, தங்குப்பா? செடி எடுக்கும்வரை ஊட்டுப்பு, மிஞ்சினால் தங்குப்பு. வேதிப்பெயருக்கு நான் சொல் தேடவில்லை, தொட்டியில் அது என்ன ஆகிறது என்பதற்குத்தான். இதைவிட நல்ல இணை இருந்தால் சொல்லுங்கள், விட்டுக்கொடுக்கிறேன்.