செமி ஆட்டோ ரைஃபிளில் ஸ்கோப் மாட்டினேன், ஜீரோ நிற்கவே மாட்டேன் என்கிறது

புதுக்குறி (கேள்வி)

வணக்கம். மூன்று வாரமாக ஒரே சிக்கலில் நிற்கிறேன்: ஜீரோ, அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தது, நிலைக்கவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது .22 எல்.ஆர். (சிறிய வகைத் தோட்டா) செமி ஆட்டோ, ஏஆர்-15 ரைஃபிளைப் போன்ற அமைப்பு. அட்டை சுடுவதற்கு மட்டும்தான். இரண்டு வருடம் இரும்புக் குறியிலேயே சுட்டேன். முன்குறி மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததால் 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) ஒன்று வாங்கி, தனித்தனியான இரண்டு ரிங்குகளில் நானே மாட்டினேன். திருத்தும் திருகின் கிளிக் ஒன்றுக்குக் கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு).

50 மீட்டரில், மணல் பை மேல் வைத்து ஐந்து குண்டு சுட்டால் 2 செ.மீ. வட்டத்துக்குள் விழுகிறது. ஆனால் குரூப் மொத்தமும் 4 செ.மீ. இடப்பக்கம் இருந்தது. 11 கிளிக் திருப்பினேன், நடுவுக்கு வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அரை மணி கழித்துப் படுத்துச் சுட்டால் 3 செ.மீ. மேலே. அதையும் திருத்தினேன். அடுத்த வாரம் மறுபடி மேசையில் வைத்தால் வேறு இடம். குரூப் சின்னதாகவே இருக்கிறது, இடம்தான் மாறிக்கொண்டே போகிறது.

இன்னும் இரண்டு விஷயம். ஒவ்வொரு மேகசினிலும் முதல் குண்டு தனியாகப் போய் விழுகிறது. அப்புறம், ஸ்கோப்பில் பார்த்தால் குறுக்குக்கோடு வலப்பக்கம் சாய்ந்தது போலத் தெரிகிறது. மாட்டும்போது நேராகத்தான் வைத்தேன்.

ஸ்கோப்பே பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

தூக்குநூல் (பதில்)

அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். குரூப் சின்னதாக இருந்து இடம் மட்டும் மாறினால் முதலில் மவுண்டைத்தான், அதாவது ஸ்கோப்பைத் தாங்கும் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு ரிங்கும் சரியாக எங்கே உட்கார்ந்திருக்கின்றன? ரிசீவர் (போல்ட் இயங்கும் உடல்பாகம்) மேலேயா, கைப்பிடிக் குழல் (பேரலைச் சுற்றியுள்ள முன்பிடி) மேலேயா? ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினீர்கள்?

புதுக்குறி

பின் ரிங் ரிசீவர் மேல். முன் ரிங் கைப்பிடிக் குழலின் ரெயில் மேல். இரண்டு ரெயிலும் ஒரே மட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்ததுபோல இருக்கின்றன, அதனால் யோசிக்கவில்லை. ரிசீவர் மேலேயே இரண்டையும் வைத்தால் ஸ்கோப் கண்ணுக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஸ்க்ரூவை ஆலன் கீயால் கை தாங்கும் வரை இறுக்கினேன். ஒரு பக்கம் முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம்.

தூக்குநூல்

உங்கள் சிக்கல் அத்தனையும் இந்த நாலு வரியில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ரிசீவர் ஒரு துண்டு, கைப்பிடிக் குழல் இன்னொரு துண்டு. மேலே ரெயில் சேர்ந்ததுபோலத் தெரிந்தாலும் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. மணல் பை மேல் வைத்தால் குழல் ஒரு மாதிரி வளையும், படுத்து ஸ்லிங்கை (தோள்வாரை) இழுத்தால் வேறு மாதிரி வளையும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு ரிங்குக்கும் இடையே 100 மி.மீ. என்று வையுங்கள். முன் ரிங் 0.1 மி.மீ., அதாவது ஒரு தாளின் கனம், நகர்ந்தால் 50 மீட்டரில் குறி 5 செ.மீ. தள்ளிப்போகும். நீங்கள் சொல்லும் 4 செ.மீ., 3 செ.மீ. எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. நீங்கள் திருப்பிய கிளிக்குகளில் தவறு இல்லை, ஸ்கோப்பின் அடித்தளமே அசைந்துகொண்டிருந்தது.

ஸ்கோப் முழுவதும், அசையாத ஒரே துண்டின் மேல்தான் உட்கார வேண்டும். செமி ஆட்டோவில் இது எப்போதுமே தலைவலி பிடித்த விஷயம். கலாஷ்னிகோவ் வகை ரைஃபிளில் ரிசீவரின் இடப்பக்கத்தில் ரெயில் வைத்து ஸ்கோப்பை மாட்டுவது ஏன் தெரியுமா? மேல்மூடி மெல்லிய தகடு, சுத்தம் செய்யக் கழற்றுகிற பாகம், அதன் மேல் வைத்தால் குறி நிற்காது. எம்1 கேரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளில் கதை வேறு. தோட்டா கிளிப் மேலிருந்து உள்ளே போக வேண்டும் என்பதால் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி மாட்டினார்கள். ஒவ்வொரு இயந்திரத்திலும் எந்தப் பாகம் நகர்கிறது, எது நிற்கிறது என்று பார்த்த பிறகே மவுண்டை யோசிக்க வேண்டும்.

ஏஆர் அமைப்புக்கு வழி சுலபம். கேன்டிலீவர் மவுண்ட் என்று கேட்டு வாங்குங்கள். அடிப்பாகம் முழுவதும் ரிசீவர் மேல் இருக்கும், ரிங்குகள் மட்டும் முன்னால் நீண்டு நிற்கும். கண்ணுக்கு வேண்டிய இடைவெளியும் கிடைத்துவிடும். ஒன்று கவனியுங்கள்: ரெயிலில் பிகாட்டினி, வீவர் என்று இரண்டு வகை உண்டு. பிகாட்டினி ரெயிலின் குறுக்குப் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், வீவர் பள்ளம் அதைவிடக் குறுகல். வீவர் ரிங் பிகாட்டினியில் உட்காரும், பிகாட்டினி மவுண்ட் வீவரில் பெரும்பாலும் உட்காராது.

மாட்டுவதற்கு முன், முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டைப் பின்னால் இழுத்து தோட்டா உட்காரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வரிசை முக்கியம். மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்து விட்டால், ஒரு தோட்டா வெளியே வந்து அடுத்தது உள்ளே போய்விடும். செமி ஆட்டோவில் இந்த இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

ரெயில், ரிங்கின் உட்புறம், ஸ்கோப் குழாய் எல்லாவற்றையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய் இல்லாமல் செய்யுங்கள். மவுண்டை ரெயிலில் வைத்ததும் முன்னோக்கித் தள்ளிப் பள்ளத்தின் முன்சுவரில் ஒட்டவிட்டு அப்புறம் இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுடுதலிலும் அது தானே கொஞ்சம் கொஞ்சமாக இடம் தேடிக்கொண்டிருக்கும்.

கண் இடைவெளியைப் பார்க்க ஸ்கோப்பை 9 மடங்கில் வையுங்கள், அங்கேதான் அது மிகக் கண்டிப்பானது. கண்ணை மூடி, வழக்கமாக வைப்பது போலக் கன்னத்தை வைத்துவிட்டுத் திறங்கள். வட்டம் முழுசாக, ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். மேசையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், படுக்கும்போது தலை முன்னால் போகும். இரண்டு நிலையிலும் பாருங்கள்.

இப்போது சாய்வு. நீங்கள் நேராக வைத்தும் சாய்ந்ததற்குக் காரணம், ஒரு பக்க ஸ்க்ரூவை முழுவதும் இறுக்கியது. மூடி அந்தப் பக்கம் இழுக்கும்போது குழாயும் சேர்ந்து திரும்பும். நாலு ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாகக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள், இரண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவாக இருக்கட்டும். ரெயில் மேல் ஒரு ரசமட்டம் வைத்து ரைஃபிளை மட்டப்படுத்துங்கள். எதிரே 20, 25 மீட்டர் தள்ளி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நின்ற கோட்டை அந்த நூலோடு பொருத்துங்கள். ஸ்கோப்பின் மேல்மூடியில் ரசமட்டம் வைப்பதைவிட நூலைத்தான் நான் நம்புவேன். மூடி நேராக இருந்தாலும் உள்ளே கோடு நேராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 3 பாகை சாய்வு சின்னதாகத் தோன்றும், ஆனால் உயரத்தைத் திருத்தும் திருகை (டரட்டை) திருப்பி 1 மீட்டர் ஏற்றினால் 5 செ.மீ. பக்கவாட்டில் போயிருக்கும்.

இறுக்கம்: கை தாங்கும் வரை என்பது அளவே இல்லை. பல ரிங் மூடிகளுக்கு 2 நியூட்டன் மீட்டருக்கு அருகில்தான் சொல்வார்கள், உங்கள் மவுண்டோடு வரும் தாளைப் பாருங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே பாகங்கள் தடைபடும், அப்போது ஸ்கோப் உண்மையாகவே பழுதாகிவிடும். கழற்றியதும் ரிங் தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலிஉறை (பதில்)

முதல் குண்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் அதில் ஒரு சீசன் முழுவதும் அவதிப்பட்டேன். முதல் தோட்டாவைக் கையால் போல்ட்டை விட்டு ஏற்றுகிறோம். மற்றவற்றை இயந்திரமே தன் வேகத்தில் ஏற்றுகிறது. அறைக்குள் தோட்டா உட்காரும் விதம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. போல்ட்டை மெதுவாகக் கையோடு கொண்டுபோய் விட்டால் இன்னும் மோசம். முழுக்க இழுத்து, அதன் ஸ்பிரிங் வேகத்திலேயே விட்டுவிடுங்கள். ஜீரோ செய்யும்போது முதல் குண்டை அட்டையில் தனியாகக் குறித்து வைத்துவிட்டு, அடுத்த ஐந்தின் நடுவை மட்டும் வைத்துத் திருத்துங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்து கிளிக் திருப்பவே கூடாது.

மாட்டியதும் நேரே 50-க்குப் போகாதீர்கள். பின் ஊசியைத் தள்ளி மேல்பாகத்தைத் திறந்து, போல்ட்டை எடுத்துவிட்டால் பேரல் வழியாகவே அட்டையைப் பார்க்கலாம். பேரலில் அட்டையின் நடு தெரியும்படி வைத்து, ரைஃபிள் அசையாமல் குறுக்குக்கோட்டை அங்கே கொண்டுவாருங்கள். பிறகு 25 மீட்டர். அங்கே உங்கள் கிளிக் 1.8 மி.மீ.தான், 4 செ.மீ.-க்கு 22 கிளிக் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

புதுக்குறி

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுதான் புது மவுண்டோடு போய் வந்தேன்.

கழற்றிப் பார்த்ததில் முன் ரிங் இருந்த இடத்தில் குழாயில் மெல்லிய கோடு விழுந்திருந்தது, நசுங்கவில்லை. தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தபோது பழைய சாய்வு எவ்வளவு என்று கண்ணாலேயே தெரிந்தது, இத்தனை நாள் அப்படியே சுட்டிருக்கிறேன். 25-இல் மூன்று குண்டிலேயே அட்டை நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். 50-இல் மேசையில் ஐந்து, படுத்து ஐந்து, மறுபடி மேசையில் ஐந்து. மூன்று குரூப்பும் ஒன்றின் மேல் ஒன்று. படுத்தது மட்டும் அரை செ.மீ. கீழே. முதல் குண்டு இன்னும் தனியாகத்தான் போகிறது, ஆனால் முன்பு இருந்ததில் பாதித் தூரம்.

அந்த அரை செ.மீ.-ஐத் திருத்தலாமா, விட்டுவிடலாமா?

தூக்குநூல்

விட்டுவிடுங்கள். பிடிப்பு மாறினால் அவ்வளவு மாறும். டரட் மூடிகளை மாட்டிவிட்டு, ரிங்குக்கும் குழாய்க்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று போட்டு வையுங்கள். நகர்ந்தால் அதிலேயே தெரியும். 200 குண்டு கழித்து டார்க் ரெஞ்சால் ஒரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.