மறு: ‘ஹோமிங்’ என்பதற்குச் சொல்: இரண்டு வேலைக்கு இரண்டு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பலகையைக் கணினி வழியாக வெட்டும் சிஎன்சி ரவுட்டரின் மென்பொருளைத் தமிழாக்குகையில், ‘ஹோமிங்’ பொத்தானுக்கு என்ன சொல் வைப்பது என்ற இழையை முதலிலிருந்து படித்தேன். ‘இல்லம் திரும்பல்’, ‘முகப்பு’, ‘சுழியாக்கம்’, ‘தொடக்கநிலை’ என்று நான்கு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. எதைத் தேர்ந்தாலும், அந்தப் பொத்தானை அழுத்தினால் ரவுட்டர் என்ன செய்கிறது என்பதை முதலில் பேசிவிடுவது நல்லது. ஒருவர் ஒரு செயலை மனதில் வைத்துக்கொண்டு எழுத, இன்னொருவர் வேறொரு செயலுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

> இணையப் பக்கங்களில் ‘ஹோம்’ என்றால் ‘முகப்பு’ என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதையே இங்கும் எடுத்துக்கொள்ளலாமே?

இங்கே அது ஆபத்து. ‘முகப்புக்குப் போ’ என்று எழுதியிருந்தால், வெட்டுமுனை தன்னை நோக்கி, முன்பக்கமாக வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் இயல்பாக அமைந்திருக்கும் விதத்தில் நடப்பது நேர் எதிர். முதலில் இசட் அச்சு மேலே ஏறும். அதன்பின் எக்ஸும் ஒய்யும் சேர்ந்து வலப்பக்கப் பின்மூலைக்கு ஓடும். $23 அமைப்பை மாற்றினால் வேறு மூலையையும் தேர்ந்துகொள்ளலாம். எந்த மூலையானாலும் அதை ‘முகப்பு’ என்று சொல்ல வழியில்லை. ‘இல்லம் திரும்பல்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது புறாவுக்குப் பொருந்தும்.

இனி நடப்பதைப் பார்ப்போம். பொழுதுபோக்கு ரவுட்டர்களில் பெரும்பாலும் இருப்பவை ஸ்டெப்பர் மோட்டார்கள். இத்தனை படி நகர் என்றால் நகரும். நகர்ந்ததா, எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்லாது. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டால், கட்டுப்பாட்டுப் பலகைக்கு எந்த நினைவும் இருக்காது. வெட்டுமுனை எங்கே நின்றாலும் அதுவே எந்திரச் சுழி என்று கணக்கைத் தொடங்கிவிடும். இந்த அறியாமையைப் போக்கத்தான் ஹோமிங். ஒவ்வொரு அச்சும் எல்லைச் சுவிட்சைத் தொடும் வரை வேகமாகப் போகும், சற்றுப் பின்வாங்கும், பிறகு மெதுவாக வந்து இன்னொரு முறை தொடும். இயல்பு மதிப்பில் தேடும் வேகம் நிமிடத்துக்கு 500 மி.மீ., இரண்டாம் தொடுகை 25 மி.மீ. முடிவில் சுவிட்சை விட்டு 1 மி.மீ. விலகி நிற்கும். ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்பது அந்த நொடியில்தான் எந்திரத்துக்குத் தெரியவருகிறது.

ஆகவே என் முன்மொழிவு: இடமறிதல். பொத்தானில் ‘இடமறி’.

ஒரு கலைச்சொல்லை நான் சோதிப்பது அதை வினையாக்கி, எதிர்மறையாக்கி, பெயரெச்சமாக்கிப் பார்த்துத்தான். பெயர்ச்சொல்லாக மட்டும் அழகாக நிற்கும் சொல் அகராதிக்கு ஆகும், மென்பொருளுக்கு ஆகாது. ‘எந்திரம் இன்னும் இடமறியவில்லை’, ‘இடமறிந்த பின் தொடரவும்’, ‘இடமறியாத நிலையில் இக்கட்டளை செல்லாது’. இந்த மூன்று வரியும் நமக்கு மொழிபெயர்க்க வேண்டிய செய்திகளில் உண்மையாகவே வருகின்றன. இதையே ‘இல்லம் திரும்பாத நிலையில்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

> ஹோமிங்கும் ஜீரோ செட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? இரண்டுக்கும் ‘சுழியாக்கம்’ என்று ஒரே சொல் போதாதா?

இதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதவேண்டி வந்தது. இரண்டும் ஒன்றல்ல. புதிதாக வருபவர்களின் வெட்டுமுனை உடைவதும், மேசையில் பள்ளம் விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இடமறிதல் எந்திரத்துக்கும் அதன் சட்டத்துக்கும் இடையிலான விவகாரம். ஜீரோ எடுப்பது என்பது, மேசையில் நாம் கவ்விவைத்த பலகை எங்கே தொடங்குகிறது என்று நாம் எந்திரத்துக்குச் சொல்வது. முன்னதை எந்திரமே செய்துகொள்ளும். பின்னதை நாம்தான் செய்தாக வேண்டும், வேறு பலகை வைத்தால் மறுபடியும். அதனால்தான் மென்பொருளின் திரையில் இரண்டு வரிசை எண்கள் தெரிகின்றன. ஒன்று எந்திரக் கணக்கு, மற்றது வேலைக் கணக்கு. ஜி54 முதல் ஜி59 வரையுள்ள கட்டளைகள் இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவைத்தான் சேமித்துவைக்கின்றன. அந்தத் தொலைவு மின்சாரம் போனாலும் அழியாது. ஜி92 கொண்டு வைத்த தொலைவு மீட்டமைத்தால் போய்விடும்.

இப்போது எல்லைச் சுவிட்சே இல்லாத சிறு எந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் அவை நிறைய. நேற்று ஜி54-இல் வைத்த சுழி பத்திரமாக இருக்கிறது. ஆனால் இன்று எந்திரம் நின்ற இடத்தையே எந்திரச் சுழியாக எடுத்துக்கொண்டுவிட்டது. நேற்றைய தொலைவை இன்றைய தவறான இடத்திலிருந்து அளந்து, ‘சுழிக்குப் போ’ என்றதும் நேராகப் போய்ச் சட்டத்தில் முட்டும். மென்பொருளில் கோளாறு என்று புலம்பல் வரும். கோளாறு எதுவுமில்லை. இடமறியாத எந்திரத்தில் சுழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரண்டுக்கும் ‘சுழியாக்கம்’ என்றே பெயர் வைத்திருந்தால், இந்த விளக்கத்தை எந்தச் சொற்களால் எழுதுவது?

சுவிட்சே இல்லாத எந்திரத்தில் இடமறிதலை அனுமதிக்கும் $22 அமைப்பை இயக்கிவிட்டு இடமறியச் சொன்னால், அது தேடிக்கொண்டே போய்ச் சட்டத்தில் இடித்து நறநறத்துவிட்டு 9-ஆம் எண் அலாரத்தைக் காட்டும். சுவிட்சைக் காணோம் என்று அதற்குப் பொருள். 8 வந்தால், பின்வாங்கிய பிறகும் சுவிட்ச் அழுந்தியே இருக்கிறது என்று பொருள். அங்கே $27-இல் விலகும் தொலைவைக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

ஆக, ஜீரோ எடுப்பதற்கு சுழியிடு. ‘எக்ஸ் சுழியிடு’, ‘சுழிக்குப் போ’, ‘சுழியிடாமல் வெட்டத் தொடங்க வேண்டாம்’.

> சுழி என்றால் நீர்ச்சுழிதான் நினைவுக்கு வருகிறது. வேறு இல்லையா?

‘சுழியம்’ பூச்சியத்துக்கு வழக்கில் இருப்பதுதான். அதன் குறுவடிவம் எனக்கு உறுத்தவில்லை. பிள்ளையார் சுழி நினைவுக்கு வந்தாலும் நல்லதே. வெற்றுத் தாளில் ‘இங்கிருந்து’ என்று குறிப்பதுதானே அதுவும். ஆனால் ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம், வெட்டு சுழியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று விதியில்லை. பலகையின் நடுவில் சுழி வைத்து வரைபவர்கள் உண்டு. வரைபடத்தில் சுழி நடுவில் இருக்க, எந்திரத்தில் மூலையில் வைத்துவிட்டால் பாதி வேலை பலகைக்கு வெளியே போகும்.

திரையில் அந்த இரண்டு வரிசை எண்களுக்கும் பெயர் வேண்டும். ‘எந்திர இடம்’, ‘வேலை இடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘வேலையிடம்’ என்றால் அலுவலகம் ஆகிவிடுகிறது. ‘பொருளிடம்’ என்று மாற்றினால் வேற்றுமை உருபாக நின்று, பொருளிடம் என்ன கேட்பது என்று தோன்றும். பள்ளிக் கணக்கில் ஆயத்தொலைவு என்று படித்திருக்கிறோம். அதைச் சுருக்கி எந்திர ஆயம், பணி ஆயம் என்றால் திரையின் சிறு கட்டத்திலும் அடங்கும். ஆள்கூறு என்று படித்த ஈழத்து நண்பர்களுக்காகச் சொற்பட்டியலில் ‘எந்திர ஆள்கூறு’, ‘பணி ஆள்கூறு’ என்பதையும் இணையாகச் சேர்த்துவிடலாம்.

உதவிப் பக்கத்தில் ஒரு வரி தனியாக வேண்டும்: இடமறிந்து முடித்ததும் எந்திர ஆயம் மூன்று அச்சிலும் -1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஜிஆர்பிஎல் தன் வெளியை எதிர்ம எண்களில்தான் அளக்கிறது. சுவிட்ச் இருக்கும் மூலை 0, அங்கிருந்து விலகிய 1 மி.மீ. என்பதால் -1.

அடுத்தது ‘அலாரம்’. இதற்கு ‘எச்சரிக்கை’ என்று இப்போதைய மொழிபெயர்ப்புக் கோப்பில் இருக்கிறது. எச்சரிக்கை என்றால் படித்துவிட்டு வேலையைத் தொடரலாம் என்று பொருள்படும். இங்கே எந்திரம் கட்டளை ஏற்பதையே நிறுத்திவிடுகிறது. வெட்டுக் கட்டளை அனுப்பினால் 9-ஆம் பிழை திரும்பி வரும். (மேலே சொன்ன 9 அலாரத்தின் எண். இது பிழையின் எண். இரண்டு பட்டியல்களும் வேறு. ஒரே எண்ணை இரண்டு பட்டியலிலும் வைத்தவர்களை என்ன சொல்வது.) எனவே அலாரத்துக்கு முடக்கம், $எக்ஸ் கட்டளைக்கு முடக்கம் நீக்கு.

இடமறிதலை இயக்கிவைத்த எந்திரம் மின்சாரம் வந்ததும் முடக்கத்தில்தான் எழும். $ஹெச் (இடமறியும் கட்டளை) அல்லது $எக்ஸ் கொடு என்று கேட்கும். அந்தச் செய்தியை ‘இடமறியவும், அல்லது முடக்கம் நீக்கவும்’ என்று மொழிபெயர்க்கலாம். இரண்டாவது வழி எளிது என்று எல்லாரும் அதையே அழுத்துவார்கள். முடக்கம் நீங்கும், ஆனால் இடம் தெரியாது. சுவிட்சில் முட்டி முடங்கிய பிறகும் இதே நிலைமைதான். ஓட்டத்தின் நடுவே சட்டென்று நின்றதில் படிகள் தவறியிருக்கலாம். நீக்கிய கையோடு மறுபடி இடமறியச் செய்வதே சரி. பொத்தானின் அடியில் ஒரு சிறு குறிப்பாக இதையும் சேர்க்கச் சொல்வேன்.

> ‘ஹார்ட் லிமிட்’, ‘சாஃப்ட் லிமிட்’ இரண்டுக்கும் வன் எல்லை, மென் எல்லை என்பது தெளிவாகத்தானே இருக்கிறது?

வன்பொருள், மென்பொருள் தெரிந்தவருக்குத் தெளிவு. பட்டறையில் நிற்பவருக்கு மென் எல்லை என்றால் மெதுவாக இடிக்கும் எல்லை. ஒன்று சுவிட்சில் முட்டி நிற்பது, இன்னொன்று முட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டு மறுப்பது. முட்டெல்லை, கணக்கெல்லை என்று வைக்கலாமா? கணக்கெல்லை என்ற பெயரிலேயே ஒரு கேள்வி இருக்கிறது: எதிலிருந்து கணக்கு? இடமறியாத எந்திரம் எதிலிருந்து கணக்கிடும்? அதனால்தான் இடமறிதலை இயக்காமல் கணக்கெல்லையை இயக்கப் போனால் ஜிஆர்பிஎல் 10-ஆம் பிழை காட்டி மறுக்கிறது. கட்டளையில் கேட்ட இடம் $130 முதல் $132 வரை கொடுத்த நீளத்துக்கு வெளியே போனால் 2-ஆம் முடக்கம்.

முட்டெல்லை பற்றி ஒரு குறிப்பு, சொல்லுக்குத் தொடர்பில்லாதது. எதிலும் முட்டாமலே 1-ஆம் முடக்கம் வருகிறது என்று இந்த இழையில் ஒருவர் கேட்டிருந்தார். வெட்டு மோட்டார் ஓடும்போது மட்டும் வருகிறதென்றால் மின் இரைச்சலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சுவிட்ச் கம்பிகளை மோட்டார் கம்பிகளிலிருந்து பிரித்துக் கொண்டுபோங்கள், உறையிட்ட கம்பி போட்டு உறையை ஒரு முனையில் மட்டும் புவியிணைப்பில் சேருங்கள். வழக்கமாக மூடியிருக்கும் வகைச் சுவிட்சுக்கு மாறி, $5-ஐ அதற்கேற்ப மாற்றுவது இன்னும் நல்லது. கம்பி அறுந்தாலும் எந்திரம் நின்றுவிடும்.

அச்சை நகர்த்தும் திருகில் ‘பிட்ச்’ (அடுத்தடுத்த புரிகளின் இடைவெளி), ‘லீட்’ (ஒரு சுற்றுக்கு நகரும் தொலைவு) இரண்டுக்கும் ‘புரியிடைத் தூரம்’ என்றே கோப்பில் இருப்பதையும் மாற்ற வேண்டும். டி8 என்ற வகைத் திருகில் பொதுவாகக் கிடைப்பது அடுத்தடுத்த புரிகளுக்கு 2 மி.மீ. இடைவெளி உள்ளது. ஆனால் அதில் நான்கு புரிகள் பின்னி ஓடுவதால் ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 படி, ஒவ்வொரு படிக்கும் 16 நுண்படி என்றால் மி.மீ.-க்கு 3200 ÷ 8, அதாவது 400 படி. 2-ஆல் வகுத்து 1600 போட்டால், 10 மி.மீ. நகரச் சொன்னதற்கு 40 மி.மீ. ஓடும். லீடுக்குச் சுற்றுநகர்வு என்று தனிப்பெயர் கொடுத்தால், எதை வகுக்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரியும்.

வெட்டும்போது முனை பலகையில் முன்னேறும் வேகமான ‘ஃபீட் ரேட்’ மட்டும் எனக்கு இன்னும் படியவில்லை. ‘ஊட்டு வேகம்’ சோறூட்டுகிறது. ‘வெட்டு வேகம்’ என்றால் வெட்டுமுனையின் விளிம்பு சுழலும் வேகத்தோடு குழம்பும், அது வேறு அளவு. ‘நகர்வு வேகம்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், ஆனால் வெட்டாமல் விரைந்து நகரும் ஜி0-வும் நகர்வுதானே என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. இதற்கு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு இல்லையென்றால் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.