தோப்பில் கட்டிய கேமரா திருட்டுப் போகிறது, வழி சொல்லுங்கள்

எண்ணூர்க்காரன் நான். காட்டுப்பள்ளிப் பக்கம் சித்தப்பாவின் சவுக்குத் தோப்புக்கு ராத்திரியில் நரிகள் வந்து போகும். அதைப் பதிவு செய்யத் தானியங்கி கேமரா ஒன்று கட்டியிருந்தேன். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் கேமராவைக் கட்டியிருந்த பட்டையை அறுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். கேமரா போனதைவிட மெமரி கார்டு போனதுதான் தாங்கவில்லை. குட்டியோடு ஒரு தாய் நரி அதில் இருந்தது.

வெளிநாடுகளில் மான் வேட்டைக்காரர்கள் இதே கேமராவை இரும்புப் பெட்டியில் வைத்துக் கம்பிவடப் பூட்டுப் போடுவார்களாம். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். அதனால் கண்ணி வைக்க வருபவன் படத்தில் சிக்கிவிடுவோமோ என்று பயந்தும் எடுத்திருக்கலாம்.

அடுத்ததை 10 அடி உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டலாமா? நரி படத்தில் சரியாக விழுமா? கேமராவின் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கின் சிவப்பு இருட்டில் தெரிகிறது. 940 தெரியாது, ஆனால் வெளிச்சம் போகும் தூரம் குறையும். உப்புக்காற்றில் சாதா இரும்பு நிற்காது. துருப்பிடிக்காத பெட்டி செய்து தரும் பட்டறை ராயபுரம், மணலியில் இருக்கிறதா? அப்புறம், சவுக்கு ஒல்லி மரம், மரத்தையே அறுத்துவிட்டால்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.