1107, 1059, 918: அந்தக் கால ஆஸ்திரேலிய உள்ளூர் ஆட்டங்களில் ஏன் இந்த ரன் மழை?

ஸ்கோர்கார்டு பிரியன்:

பழைய ஷெஃபீல்டு ஷீல்டு (ஆஸ்திரேலிய மாநில அணிகளுக்கிடையே நடக்கும் போட்டி) ஸ்கோர்கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், பார்க்கப் பார்க்கத் தலை சுற்றுகிறது. 1901 ஜனவரியில் சிட்னியில் தென் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நியூ சவுத் வேல்ஸ் 918. 1923-ல் மெல்போர்னில் டாஸ்மேனியாவை வைத்து விக்டோரியா 1059 (இது ஷீல்டு ஆட்டம் இல்லை, தெரியும்). 1926 டிசம்பரில் அதே மைதானத்தில் அதே விக்டோரியா 1107. முதல்தர கிரிக்கெட்டில் ஒரு அணி ஒரே இன்னிங்ஸில் ஆயிரத்தைத் தாண்டியது மொத்தமே இந்த இரண்டு முறைதான், இரண்டும் ஒரே ஊரில், ஒரே அணி, நான்கு வருடத்துக்குள்!

என் கேள்வி இதுதான்: பந்துவீச்சு அவ்வளவு மோசமா? பிட்ச் அப்படியா? இல்லை வேறு ஏதாவது விதி சம்பந்தப்பட்ட விஷயமா? "அப்போ எல்லாம் பௌலிங்கே கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் யாராவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நைட்வாட்ச்மேன்:

நல்ல கேள்வி ஜி. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். 1920-களின் பிற்பகுதி வரைக்கும் ஷீல்டு ஆட்டங்களுக்கு நாள் வரம்பே கிடையாது, முடிவு தெரியும் வரை ஆடுவார்கள். நான்கு நாளில் முடிந்தாலும் சரி, ஆறு நாள் இழுத்தாலும் சரி. இன்றைக்கு ஒரு கேப்டன் 500 அடித்ததும் டிக்ளேர் செய்கிறார் (விக்கெட் மீதி இருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொள்கிறார்) என்றால் எதிரணியை இரண்டு முறை அவுட் ஆக்க நேரம் வேண்டுமே என்ற பயத்தில்தான் செய்கிறார். அந்தப் பயமே இல்லாத இடத்தில் எதற்கு டிக்ளேர் செய்ய வேண்டும்? 600 ஆனாலும் ஆடு, 800 ஆனாலும் ஆடு, கடைசி ஆள் அவுட் ஆகும் வரை ஆடு. விக்டோரியாவின் 1107 ஆல் அவுட், டிக்ளேர் இல்லை, அதைக் கவனித்தீர்களா?

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மழை பெய்து அதன் மேல் வெயில் அடித்தால் அந்தக் காலத்து மெல்போர்ன் பிட்சில் பந்து எங்கே எகிறும், எங்கே படுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வெயில் இருக்கும்போதே முடிந்த மட்டும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பேராசை என்று அதைச் சொல்ல மாட்டேன், நான் கேப்டனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

வரம்பில்லாத ஆட்டத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1907-08 சிட்னி ஆட்டம். தென் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்காவது இன்னிங்ஸில் நியூ சவுத் வேல்ஸுக்கு இலக்கு 593. இன்றைக்கு என்றால் எல்லாரும் டிராவுக்குக் கட்டை போட்டிருப்பார்கள். டிரா என்ற வழியே இல்லாததால் துரத்தினார்கள், 572 வரைக்கும் போய் 20 ரன்னில் தோற்றார்கள். நான்காவது இன்னிங்ஸில் 572! ரன் மழை என்றாலே சலிப்பான ஆட்டம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு ஸ்கோர்கார்டைப் பார்த்தால் போதும்.

ஷார்ட்லெக்:

நேரம் எல்லாம் சரி பாஸ், ஆனால் பந்துவீச்சும் சொத்தைதான், அதை ஏன் மூடி மறைக்க வேண்டும்? பெரிய தனிநபர் ஸ்கோர்களை எடுத்துப் பாருங்கள். விக்டோரியாவின் பான்ஸ்ஃபோர்டு அடித்த 429 டாஸ்மேனியாவுக்கு எதிராக. அவரே 1927 டிசம்பரில் அடித்த 437 குயின்ஸ்லாந்துக்கு எதிராக. பிராட்மேனின் 452 நாட் அவுட், 1930 ஜனவரி, அதுவும் குயின்ஸ்லாந்து. 1906-07-ல் சார்லஸ் கிரிகரி பிரிஸ்பேனில் அடித்த 383-ம் குயின்ஸ்லாந்துதான். இங்கிலாந்தின் மக்லாரன் அடித்த 424 என்ற உலக சாதனை 1895 முதல் 1923 வரை அசையாமல் நின்றது, அப்புறம் ஏழே வருடத்தில் மூன்று முறை நகர்ந்தது, மூன்று முறையும் இளைத்தவன் தலையில்தான் மிளகாய் அரைத்தார்கள். குயின்ஸ்லாந்து ஷீல்டுக்குள் வந்ததே 1926-27-ல்தான், டாஸ்மேனியா வந்தது அதற்கும் அரை நூற்றாண்டு கழித்து. இதை வைத்துக்கொண்டு "பொற்காலம்" என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

பான்ஸ்ஃபோர்டின் ஷீல்டு சராசரி 80-க்கு மேல், டெஸ்ட் சராசரி 48.22. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது?

கூக்ளி77:

ஷார்ட்லெக், பாதி உண்மையைச் சொல்லிவிட்டு நழுவப் பார்க்கிறீர்கள். தனிநபர் சாதனைகள் சின்ன அணிகளுக்கு எதிராக வந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கோர்கார்டு பிரியன் கேட்டது அணிகளின் ஸ்கோரைப் பற்றி. 918 வாங்கியது தென் ஆஸ்திரேலியா, 1107 வாங்கியது நியூ சவுத் வேல்ஸ். நியூ சவுத் வேல்ஸ் சொத்தை அணியா? கொஞ்சம் மனசாட்சியோடு பேசுங்கள்.

1107 ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் மாட்டிக்கொண்டது நியூ சவுத் வேல்ஸின் சுழற்பந்து வீச்சாளர் ஆர்தர் மெய்லி. ஒரு டெஸ்ட் இன்னிங்ஸில் 9 விக்கெட் எடுத்த ஆள், இங்கிலாந்துக்கு எதிராக 121 ரன்னுக்கு 9, அதுவும் இதே மெல்போர்னில், ஆறே வருடம் முன்னால். முதல் நாள் நியூ சவுத் வேல்ஸ் 221-க்கு ஆல் அவுட். கிறிஸ்துமஸ் முடிந்து திங்கட்கிழமை வுட்ஃபுல்லும் பான்ஸ்ஃபோர்டும் இறங்கினார்கள், முதல் விக்கெட்டுக்கு 375, வுட்ஃபுல் 133. அன்று ஆட்டம் முடியும்போது விக்டோரியா ஒரு விக்கெட்டுக்கு 573, பான்ஸ்ஃபோர்டு அந்த ஒரே நாளில் 334. மறுநாள் அவர் 352-ல் பந்தைத் தன் ஸ்டம்பிலேயே இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்கு அதிர்ஷ்டமே இல்லை என்று புலம்பிக்கொண்டே போனாராம் (352 அடித்தவர் பேச்சைப் பாருங்கள்). சரி, ஒழிந்தார் என்று பௌலர்கள் மூச்சு விடுவதற்குள் ஜாக் ரைடர் வந்து சுமார் நான்கு மணி நேரத்தில் 295. ஹென்ட்ரி 100. கடைசியில் கீப்பர் எல்லிஸ் 63 அடித்து ரன் அவுட்.

மெய்லியின் கணக்கு: 64 ஓவர், ஒரு மெய்டன்கூட (ரன்னே கொடுக்காத ஓவர்) இல்லை, 362 ரன், 4 விக்கெட். அப்போது ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டு பந்து, அதையும் மறக்கக் கூடாது. 512 பந்து வீசியிருக்கிறார் மனிதர், நம் கணக்கில் 85 ஓவருக்கு மேல். அதற்கப்புறமும் அவருக்கு நக்கல் குறையவில்லை. ஸ்டாண்டில் ட்வீட் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த ஒருத்தர் தன் பந்தில் வந்த கேட்சுகளைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார் என்றாராம். எல்லிஸ் ரன் அவுட் ஆனதும் பாவம்தான், தனக்கு அப்போதுதான் லெங்த் பிடிபட ஆரம்பித்தது என்றாராம்.

முழு இன்னிங்ஸும் சுமார் பத்தரை மணி நேரம். மணிக்கு நூறு ரன்னுக்கு மேல். கட்டை போட்டு நாட்களைக் கடத்திச் சேர்த்த ஸ்கோர் இல்லை இது. நியூ சவுத் வேல்ஸ் திரும்ப 230-க்கு ஆல் அவுட், இன்னிங்ஸ் மற்றும் 656 ரன்னில் தோல்வி.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு மாதம் கழித்து, 1927 ஜனவரியில், சிட்னியில் திரும்ப மோதினார்கள். விக்டோரியா எவ்வளவு தெரியுமா? 35. மூன்று இலக்கம்கூட இல்லை, முப்பத்தைந்து ஆல் அவுட்! நியூ சவுத் வேல்ஸின் மெக்னமீ 21 ரன்னுக்கு 7 விக்கெட். பந்துவீச்சே இல்லாத நாட்டில் இது நடக்குமா?

ஷார்ட்லெக்:

35 விஷயம் தெரியாது, அது சுவாரசியம்தான். ஆனால் ஒரு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது அண்ணே, 1107-க்கும் அதே நியாயம்தான்.

எக்ஸ்ட்ரா கவர்:

இரண்டு பேரும் விதிகளை விட்டுவிட்டீர்கள்.

எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்பில் படவேண்டிய பந்தைக் காலால் தடுத்தால் அவுட் என்ற விதி. 1930-களின் நடுவில் மாற்றும் வரைக்கும், பந்து ஸ்டம்புக்கு நேராகப் பிட்ச் ஆனால்தான் எல்பிடபிள்யூ கொடுக்க முடியும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்பும் பந்தை, ஸ்டம்பில் படப்போகிறது என்று ஊருக்கே தெரிந்தாலும், பேட்ஸ்மேன் காலை நீட்டித் தடுத்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம். ஆஃப் ஸ்பின்னர்களுக்கும், உள்ளே கொண்டுவரும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் பாதிக் கதவு சாத்தியாயிற்று. அங்கே லெக் ஸ்பின்னர்கள் ஏன் அப்படிப் பெருகினார்கள் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகவே நான் பார்க்கிறேன், வெளியே திருப்பினால்தான் பிழைப்பு. அப்புறம் ஸ்டம்பே சின்னது. 1931 வரை உயரம் 27 அங்குலம், அகலம் 8 அங்குலம், பிறகுதான் ஒவ்வொரு அங்குலம் கூட்டினார்கள். புதுப் பந்து வேண்டுமென்றால் 200 ரன் ஆக வேண்டும்.

அப்புறம் மண். சிட்னியில் புல்லி என்ற இடத்திலிருந்து கொண்டுவந்த கறுப்புக் களிமண், மெல்போர்னில் மெர்ரி கிரீக் களிமண். நன்றாக நீர் விட்டு, கனமான உருளையால் உருட்டி, டிசம்பர் வெயிலில் காயவிட்டால் மேற்பரப்பு பளபளவென்று கிடக்கும். பந்து ஒரே உயரத்தில் வரும், தையலில் பட்டு நகராது. முதல் இரண்டு நாள் பௌலருக்கு நரகம்தான்.

ஆனாலும் லெக் ஸ்பின்னர் கிளாரி கிரிமெட்டைப் பாருங்கள். இதே பிட்ச், இதே எல்பிடபிள்யூ விதி, பெரும்பாலும் இதே காலம், ஷீல்டில் 513 விக்கெட். இன்று வரை அதை யாரும் தாண்டவில்லை. சராசரி 25 சொச்சம். மோசமான பௌலர் என்று அவரைச் சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா?

எனக்கு 918-தான் 1107-ஐ விடப் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் சதம்: ஐர்டேல் 118, நோபிள் 153, சிட் கிரிகரி 168, டஃப் 119, பாய்டவின் 140 நாட் அவுட். இந்தப் பாய்டவின் பிற்பாடு டேவிஸ் கோப்பையில் டென்னிஸும் ஆடினார், அப்படி ஒரு காலம்! ஆறு காலனிகளும் சேர்ந்து ஒரே ஆஸ்திரேலியாவான அதே மாதம், அந்த விழா நடந்த அதே சிட்னியில். தென் ஆஸ்திரேலியா 157, 156. ஆனால் சில வாரம் முன்னால்தான் அடிலெய்டில் இதே நியூ சவுத் வேல்ஸைக் கிளெம் ஹில் 365 நாட் அவுட் என்று வெளுத்திருந்தார். ஒரே சீசன், அதே இரண்டு அணி. சொத்தை அணி என்று யாரைச் சொல்வீர்கள்?

ஸ்கோர்கார்டு பிரியன்:

அருமை, எல்லாருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்வி. ஒன்று, ஒரே இன்னிங்ஸை விட்டுவிடுவோம், இரண்டு அணியும் சேர்த்து அதிக ரன் வந்த ஷீல்டு ஆட்டம் எது? இரண்டு, இது எப்போது, ஏன் நின்றது?

நைட்வாட்ச்மேன்:

முதல் கேள்விக்கு: 1925-26, சிட்னி, நியூ சவுத் வேல்ஸ் - தென் ஆஸ்திரேலியா, 39 விக்கெட்டுக்கு 1929 ரன். அதில் நியூ சவுத் வேல்ஸ் மட்டும் 1235, எதிரணி 694, வித்தியாசம் 541. அதற்கு முன்னால் 1908-09-ல் இதே சிட்னியில் விக்டோரியாவோடு 34 விக்கெட்டுக்கு 1911, அதில் நியூ சவுத் வேல்ஸ் ஒரு இன்னிங்ஸில் 815. உலக அளவில் இதைத் தாண்டிய ஆட்டங்களில் உச்சம் ரஞ்சியில்தான், 1948-49 பம்பாய் - மகாராஷ்டிரா ஆட்டத்தில் 2376.

இரண்டாவதற்கு: காசு, வேலை. ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் வேறு வேலை பார்த்தவர்கள், ரயிலில் மாநிலம் விட்டு மாநிலம் போய் எப்போது முடியும் என்று தெரியாத ஆட்டத்துக்கு எத்தனை நாள் விடுப்பு கேட்பது? முடிவு தெரிந்துவிட்ட ஐந்தாம் நாளுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? குயின்ஸ்லாந்தும் உள்ளே வந்த பிறகு ஆட்டங்கள் கூடின, நாள் வரம்பு வந்தது. வந்ததும் ஆட்டமே மாறியதைப் பார்க்கலாம். 1928 கிறிஸ்துமஸ் சமயம் மெல்போர்னில் விக்டோரியாவின் 376-க்கு எதிராக நியூ சவுத் வேல்ஸ் 113-க்கு 9. கிப்பாக்ஸும் ஹூக்கரும் கடைசி விக்கெட்டுக்கு 307 சேர்த்தார்கள், ஹூக்கர் பங்கு 62, கிப்பாக்ஸ் 260 நாட் அவுட். ஆட்டம் டிரா. வரம்பு இல்லாத காலத்தில் அது டிரா ஆகியிருக்காது.

கூக்ளி77:

பிராட்மேனின் 452-ஐயும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இன்னிங்ஸில் 3 ரன்னில் அவுட், இரண்டாவதில் 415 நிமிடத்தில் 452, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள் அடி வாங்கிய குயின்ஸ்லாந்து ஆட்டக்காரர்களே. நியூ சவுத் வேல்ஸ் 8 விக்கெட்டுக்கு 761-ல் டிக்ளேர், குயின்ஸ்லாந்து 84-க்குச் சுருண்டு 685 ரன்னில் தோல்வி. நாள் வரம்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்த டிக்ளேர் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான், மனிதர் 500-ஐப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

ஷார்ட்லெக்:

குயின்ஸ்லாந்துக்கு எதிராகத்தானே. சொன்னேனே.