பூவா தலையாவில் போச்சா, புல்ஸ் தானே போக்கிக்கொண்டதா?

செக்குமாடு | காலை 6:52
நேற்று இன்னொரு திரியில் கன்டோன்மென்ட் காளை எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அவர் சொன்னது இது: "சிகாகோ புல்ஸ் சுமாரான அணி இல்லை. பூவா தலையாவில் தோற்ற அணி, அவ்வளவுதான். அன்றைக்குக் காசு நம் பக்கம் விழுந்திருந்தால் இன்றைக்குக் கூப்பர் ஃப்ளாக் நம்ம பையன்." இதற்குப் பதினேழு பேர் கைதட்டல் வேறு.

விவரம் தெரியாதவர்களுக்கு: புல்ஸ் என்பது அமெரிக்க என்பிஏ லீக்கின் பாஸ்கெட்பால் அணி. பிளேஆஃபுக்குப் போகாத அணிகளில் புது ஆட்டக்காரர்களை யார் முதலில் எடுப்பது என்று லாட்டரி போடுவார்கள்; மோசமாக ஆடிய அணிக்கு வாய்ப்பு கூடுதல். 2024-25 சீசனில் புல்ஸ் 39 வெற்றி, 43 தோல்வி. டல்லாஸும் அச்சு அசலாக அதே. ஏப்ரலில் சமநிலையை உடைத்தபோது லாட்டரி வரிசையில் டல்லாஸ் 11ஆம் இடத்துக்குப் போனது, நாம் 12. மே 12 அன்று லாட்டரியில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு டல்லாஸ் முதல் தேர்வைத் தட்டிக்கொண்டு போய், அந்த வருடத்தின் பெரிய இளம் ஆட்டக்காரன் ஃப்ளாக்கை எடுத்தது. நம் கையில் இருந்தது 1.7. லாட்டரி நடந்த ஊர் எது என்று கேளுங்கள். சிகாகோ! சொந்த வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் இலை கிடைக்காத கதை.

சரி, அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் அதற்கு முந்தின சீசன் என்ன? அதுவும் 39-43. அதற்கும் முன்னால் 40-42. மூன்று வருடமும் பிளே-இன்னில், அதாவது பிளேஆஃபுக்குள் நுழையக் கடைசி வாய்ப்பான ஆட்டத்தில், மியாமியிடம் தோற்று வீட்டுக்குப் போனோம். மூன்று வருடமும் காசுதான் சுண்டினார்களா? எண்ணெயும் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிற மாடு இது. என் பெயரை அதற்காகத்தான் மாற்றிக்கொண்டேன்.

கன்டோன்மென்ட் காளை | காலை 7:20
தம்பி, நான் 91ல் இருந்து புல்ஸ் பார்க்கிறவன். ஆறு கோப்பையையும் பார்த்தவன். நீ அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டாய்.

ஒரே கேள்வி. காசு நம் பக்கம் விழுந்திருந்தால் 11ஆம் இடம் நமக்கா, இல்லையா? 11ஆம் இடத்துக்கு லாட்டரி அடித்ததா, இல்லையா? ஆமாம் இல்லை என்று மட்டும் சொல்.

வைட்ஃபீல்டு வாத்தியார் | காலை 7:41
காசு சுண்டவில்லை. குலுக்கல் என்றுதான் லீக் அறிவித்தது. காசு என்பது பத்திரிகைக்காரர்கள் வாய்க்கு வசதியாகச் சொன்னது.

கன்டோன்மென்ட் காளை | காலை 7:44
வாத்தியாரே, காசோ குலுக்கலோ, போனது போனதுதானே?

வைட்ஃபீல்டு வாத்தியார் | காலை 7:58
சொல் சரியாக இருக்க வேண்டும். காசு சுண்டவில்லை.

லாட்டரி கணக்கும் சொல்லிவிடுகிறேன். 14 பந்துகள், அதில் 4 எடுப்பார்கள். மொத்தம் 1001 சேர்க்கைகள். ஒன்றை ஒதுக்கிவிட்டு 1000ஐ அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். சமநிலை இருந்ததால் இந்த முறை 11ஆம் இடத்துக்கு 18, 12ஆம் இடத்துக்கு 17. புல்ஸ் 11ல் இருந்திருந்தால் அதே 18 சேர்க்கையும் புல்ஸ் கையில் இருந்திருக்கும். அந்த அளவில் காளை சொல்வது சரி. ஆனால் காசு சுண்டவில்லை.

முப்புள்ளி | காலை 8:10
அதே பந்துகள் வந்திருக்கும் என்று யார் சொன்னது? எந்திரத்தில் பந்து துள்ளும் விஷயம் சார் இது. ஒரு நொடி முன்னே பின்னே போனால் வேறு எண். "அன்றைக்கு அந்த பஸ்ஸைப் பிடித்திருந்தால்" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

செக்குமாடு | காலை 8:33
காளை சார் ஆமாம் இல்லை கேட்டாரே, சொல்கிறேன். ஆமாம், 11ஆம் இடத்துக்கு அடித்தது. இப்போது என் கேள்வி. நாம் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் தோற்றிருந்தால்? 38-44. காசும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம், 11ஆம் இடம் நேராக நம் மடியில். அதோடு, 38 வெற்றி இருந்தாலும் மியாமியை விட மேலேதான். அவர்கள் 37-45. நம் ஊரிலேயே அதே பிளே-இன் ஆடி அதே உதை வாங்கியிருப்போம். இழப்பு எதுவும் இல்லை.

இந்த அணி என்ன செய்தது? சீசன் முழுக்கத் தூங்கிவிட்டு, நம் நட்சத்திர ஆட்டக்காரர் லவீனை பிப்ரவரியில் அனுப்பிய பிறகு, கடைசி 20 ஆட்டத்தில் 15ஐ ஜெயித்தது. தோற்க வேண்டிய நேரத்தில் ஜெயிப்பார்கள், ஜெயிக்க வேண்டிய ஒரே ராத்திரி தோற்பார்கள். அதற்குப் பெயர்தான் சுமார்.

மார்ச்சில் லேக்கர்ஸோடு நம் ஜாஷ் கிடி பாதி மைதானத்திலிருந்து எறிந்தானே, 119-117, எல்லோரும் வீட்டில் குதித்தீர்களே? அந்தப் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்திருந்தால் ஃப்ளாக் நம்மவன். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முப்புள்ளி | காலை 8:36
ஐயையோ. கிடியின் ஷாட்டையா திட்டுகிறீர்கள்? இந்தப் பத்து வருடத்தில் நான் சந்தோஷப்பட்டதே அந்த ஒரு நாள்தான்.

கன்டோன்மென்ட் காளை | காலை 8:52
பாருங்கள் மக்களே, வெளியே வந்துவிட்டது. தோற்கச் சொல்கிறார்! வேண்டுமென்றே தோற்கிற அணிக்கு நான் ரசிகன் இல்லை. ஜோர்டன் ஆடிய தரை அது. புல்ஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு தோற்கப் பார்க்கிறவன் முகத்தில் நான் விழிக்க மாட்டேன்.

செக்குமாடு | காலை 9:15
ஜோர்டன் 1998லேயே போய்விட்டார் சார். அவர் பேரைச் சொல்லி இன்னும் அரங்கத்தை நிரப்புகிறார்கள். கூட்டத்துக்கு நம் அரங்கம் யுனைடெட் சென்டரில் பெரும்பாலும் குறைவில்லை. ஓனர் ரெய்ன்ஸ்டார்ஃபுக்கு அது போதும். அவருடைய பேஸ்பால் அணி ஒயிட் சாக்ஸ் 2024ல் 121 ஆட்டம் தோற்றதே, அதுவாவது முழுசாக மோசம். நாம் அதற்கும் லாயக்கில்லை.

2015க்குப் பிறகு புல்ஸ் ஒரு பிளேஆஃப் தொடர்கூட ஜெயித்ததில்லை. பிளேஆஃபில் ஜெயித்த ஆட்டங்கள் எத்தனை? 2017ல் இரண்டு, 2022ல் ஒன்று. மூன்றே மூன்று. என் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், அவன் இதில் ஒன்றைத்தான் பார்த்திருக்க முடியும், அதுவும் என் மடியிலிருந்து.

2025 ஏப்ரலில் மியாமி ஆட்டம் நமக்குக் காலை ஐந்து மணி. அலாரம் வைத்து எழுந்தேன். வீட்டில் எழுந்துவிடப் போகிறார்கள் என்று சத்தத்தை அணைத்துவிட்டு, இருட்டில் முக்காலி மேல் உட்கார்ந்து பார்க்கிறேன். மியாமியின் டைலர் ஹீரோ போடுகிறான், போடுகிறான், 38 புள்ளி. பேரே ஹீரோ, என்ன செய்ய. பாதி நேரத்திலேயே முடிந்துபோச்சு. பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போகிற சத்தம் கேட்கிறது, நான் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 109-90. மனைவி வந்து விளக்கைப் போட்டு, "மறுபடியும் அதே டீமா?" என்றாள். அவளுக்கு பாஸ்கெட்பாலில் தெரிந்த ஒரே விஷயம் இதுதான்.

வைட்ஃபீல்டு வாத்தியார் | காலை 9:31
கிடியின் ஷாட் விழாதிருந்தால் மற்ற ஆட்டங்கள் அதேபோல் நடந்திருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? காசுக்கு ஒரு நியாயம், ஷாட்டுக்கு ஒரு நியாயமா? (காசு இல்லை, குலுக்கல்.)

ஈ சாலா 18 | காலை 10:05
அண்ணா, பொறுமை. பதினெட்டு வருஷம் காத்திருந்தோம், 2025 ஜூன் 3 வந்ததா இல்லையா? ஆறு ரன்னில் பஞ்சாப் காலி. நம்ம ஊர்க்காரர்கள் ஆர்சிபியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

செக்குமாடு | காலை 10:11
ஆர்சிபியோடு ஒப்பிடாதீர்கள் குரு. 2009, 2011, 2016 என்று மூன்று ஃபைனல் போய்த் தோற்ற அணி அது. அது துயரம். இது சுமார். இரண்டும் வேறு.

மெரினா மஞ்சள் | காலை 10:14
பதினெட்டு வருஷத்துக்கு ஒன்று. எங்களிடம் ஐந்து இருக்கிறது. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

ஈ சாலா 18 | காலை 10:15
2025ல் கடைசி இடம் யாருக்கு? பத்துக்குப் பத்து வாங்கியது யார்? இருப்பது கோரமங்களா, குடிப்பது காவேரித் தண்ணீர், கத்துவது சென்னைக்கு.

மெரினா மஞ்சள் | காலை 10:17
காவேரியை ஏன் இழுக்கிறாய்? எங்கள் தெருவில் வருவது டேங்கர் தண்ணீர். வா, வந்து குடித்துப் பார்.

பொறுப்பாளர் | காலை 10:40
கிரிக்கெட் வேண்டாம். காவேரி வேண்டவே வேண்டாம். இது பாஸ்கெட்பால் திரி.

கன்டோன்மென்ட் காளை | காலை 11:02
சரி, பாஸ்கெட்பாலுக்கே வருகிறேன். லவீனை விற்றதில் நம் 2025 தேர்வு உரிமை சான் அன்டோனியோவிடமிருந்து திரும்பி வந்தது. இல்லையென்றால் அந்த 12ஆம் இடம்கூட அவர்களுக்குப் போயிருக்கும். அதை வைத்துத்தான் நோவா எசெங்கே என்ற பிரெஞ்சுப் பையனை எடுத்தார்கள். எடுத்தபோது வயது 18. 2024ல் இன்னொரு இளைஞன், புஸெலிஸ். இது திட்டமிட்ட வேலை இல்லையா? நடுவில் காசு மட்டும் சதி செய்தது.

செக்குமாடு | காலை 11:26
திட்டமா? அந்தத் தேர்வு சான் அன்டோனியோவுக்கு ஏன் போனது? 2021ல் டிரோசனை வாங்க நாமே கொடுத்தது. அடகு வைத்த நகையை மீட்டுக்கொண்டு வந்து, புது நகை வாங்கினேன் என்று காட்டுகிற மாதிரி இருக்கிறது.

அதே 2021ல் வுசெவிச்சுக்காக ஒரு தேர்வைக் கொடுத்தோமே, ஆர்லாண்டோ அதில் எட்டாவதாக எடுத்தது ஃப்ரான்ஸ் வாக்னரை. அந்தக் கோடையில் வந்த லான்சோ பால் ஜனவரி 2022ல் முழங்காலோடு உட்கார்ந்தவர், திரும்ப ஆட அக்டோபர் 2024 ஆனது. அது பாவம், யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிட்டத்தட்ட மூன்று வருடம் அவர் வருவார் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த நிர்வாகம் பாவம் இல்லை. இப்போது அவரையும் கிளீவ்லாண்டுக்கு அனுப்பி ஒகோரோவை வாங்கியிருக்கிறார்கள்.

பெரிய வேடிக்கை கருசோ. கிடிக்காகக் கருசோவை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்தார்கள். கூட ஒரு தேர்வு கேட்டு வாங்கினார்களா? இல்லை. காய்கறிக் கடையில்கூடக் கொசுறுக்குக் கறிவேப்பிலை கேட்போம். கருசோ ஒரே வருடத்தில் கோப்பையோடு நிற்கிறார். இதில் எங்கே சார் காசு சுண்டினார்கள்?

முப்புள்ளி | காலை 11:40
கிடி நல்ல பையன். கருசோவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இது இரண்டு பக்கமும் பேசலாம்.

செக்குமாடு | காலை 11:43
கறிவேப்பிலை. அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

கன்டோன்மென்ட் காளை | மதியம் 12:18
கருசோ, கறிவேப்பிலை என்று சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். டல்லாஸ் என்ன பெரிய திட்டம் போட்டது? பிப்ரவரியில் தன் பெரிய நட்சத்திரம் டான்சிச்சைத் தூக்கி லேக்கர்ஸுக்குக் கொடுத்த அணி! ஊரே காறித் துப்பியது. அவர்களுக்கு மூன்று மாதத்தில் ஃப்ளாக். எதனால்? காசு. நான் சொன்னதை நீங்கள் யாரும் இன்னும் பொய் என்று காட்டவில்லை.

வைட்ஃபீல்டு வாத்தியார் | மதியம் 12:20
குலுக்கல்.

கன்டோன்மென்ட் காளை | மதியம் 12:21
வாத்தியாரே, உங்களுக்கு வகுப்பு இல்லையா?

செக்குமாடு | மதியம் 12:50
நீங்கள் அந்த 1.8 சதவீதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நூற்றில் 98 தடவை என்ன நடக்கும் என்பதை மறைக்கிறீர்கள். 11ஆம் இடம் கிடைத்திருந்தாலும் பெரும்பாலும் 11ஆவது பையன்தான் கிடைப்பான். நூற்றில் 98 தடவை முதல் தேர்வு கிடையாது சார். காசு காசு என்று 2035லும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அப்போதும் 39-43 இருக்கும்.

இன்னொன்று. மூத்தவர் என்று பார்த்துத்தான் இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன அக்டோபரில் நாம் ஐந்து பேர் சேர்ந்து ஆட்டம் பார்க்கச் சந்தா கட்டினோம். நான்கு பேர் பணம் கொடுத்துவிட்டோம். ஒருவர் மட்டும் "ஆல்-ஸ்டார் ஆட்டம் முடியட்டும்" என்றார். பிளே-இன்னும் முடிந்தது, ஃபைனலும் முடிந்தது. 91ல் இருந்து பார்க்கிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

முப்புள்ளி | மதியம் 12:52
😶

கன்டோன்மென்ட் காளை | மதியம் 1:05
பொது இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசுகிறாயா? உன் கணக்கில் பாதி நாள் "வேறு சாதனத்தில் ஓடுகிறது" என்று வந்தது. ஆறாவதாக உன் மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏன் கொடுக்க வேண்டும்?

செக்குமாடு | மதியம் 1:07
மச்சானை இழுக்காதீர்கள். அவன் பார்த்தது செல்டிக்ஸ் ஆட்டம்.

கன்டோன்மென்ட் காளை | மதியம் 1:08
அது இன்னும் மோசம்!

ஈ சாலா 18 | மதியம் 1:30
அண்ணா, தர்ஷினி ஓட்டலில் நிற்கிறேன். காபி வருவதற்குள் உங்களுக்காக ஐந்து ரூபாய்க் காசைப் பத்து தடவை சுண்டினேன். சிகாகோ பூ, டல்லாஸ் தலை. ஏழு தலை, மூன்று பூ. காசுக்கே உங்களைப் பிடிக்கவில்லை.

கன்டோன்மென்ட் காளை | மதியம் 1:34
சிகாகோவுக்குப் பூ என்று யார் முடிவு செய்தது? காளைக்குத் தலைதான். மறுபடி சுண்டு.

மெரினா மஞ்சள் | மதியம் 1:36
ஐந்து ரூபாயில் எது பூ, எது தலை என்று முதலில் ஆர்சிபிக்காரருக்குத் தெரியுமா?

ஈ சாலா 18 | மதியம் 1:37
சிங்கம் இருக்கிற பக்கம் தலை. ஆமாம், உங்கள் சிங்கம்தான். பத்தாவது இடத்தில் படுத்திருக்கிறதே, அதே சிங்கம்.

பொறுப்பாளர் | மதியம் 1:41
கிரிக்கெட் வேண்டாம் என்றேன்.

வைட்ஃபீல்டு வாத்தியார் | மதியம் 1:55
பத்து தடவை போதாது. குறைந்தது நூறு தடவை சுண்ட வேண்டும். அதோடு அவர்கள் காசே சுண்டவில்லை.

செக்குமாடு | மதியம் 2:10
இன்னும் ஒரே ஒரு ஆட்டம் தோற்றிருந்தால் இந்தத் திரியே இல்லை. காளை சார், என் பங்கு பணம் எப்போது?