நிபோங் திபால் ஆற்றங்கரை: உங்கள் வீட்டில் பேசிய கதைகளை எழுதுங்கள்

பட்டர்வொர்த் உறுப்பினர்:

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மின்மினி காட்ட, மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் நிபோங் திபால் போயிருந்தோம். கிரியான் ஆற்றில் படகு ஓட்டியவர் அறுபதைத் தாண்டிய சீனர். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்தில் அந்தக் கரை பேராக், இந்தக் கரை பினாங்கு" என்று தமிழிலேயே சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவராம். சீனர்களில் தியோச்சூ மொழி பேசும் பிரிவைச் சேர்ந்தவர். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டம் போடுவதற்கு முன்பே தன் ஆட்கள் பக்கத்துப் பத்து காவான் என்ற ஊரில் கரும்பு போட்டவர்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். 1800இல் கிழக்கிந்தியக் கம்பெனி கெடா சுல்தானிடமிருந்து இந்தப் பக்கத்து நிலத்தை வாங்கி, அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லியின் பெயரை வைத்தது. இன்றைய செபராங் பிறைதான் அது. சீனர்கள் கரும்பில் லாபம் கண்டதும், 1840களில் ஐரோப்பியர்கள் சதுப்பு நிலங்களை வளைத்துப் போட்டார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். நிலத்து நீர் வடிந்ததும் அதில்தான், வெட்டிய கரும்பு தோணியில் ஆலைக்குப் போனதும் அதில்தான். காய்ச்சிய சர்க்கரை ஆற்றில் இறங்கி, கடல்வழியாகப் பினாங்குத் துறைமுகம் சேர்ந்தது. ஆற்றை ஒட்டி இந்த ஊர் வளர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கரும்பு வெட்டியவர்களில் எத்தனையோ பேர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, ஒப்பந்தத்தில் வந்த நம் ஆட்கள். பள்ளியில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது பேசியிருந்தால் எழுதுங்கள்.

பாரிட் புந்தார் உறுப்பினர்:

தம்பி, நான் பிறந்தது நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியா தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். கரும்பு போய் ரப்பர் வந்த பிறகு நடந்ததுதான் எனக்குத் தெரியும். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா களை எடுத்தார். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார்கள். தங்கச்சியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நான் பள்ளிக்கு ஓடுவேன்.

தோட்டத்து முதலாளிகளான ராம்ஸ்டன் குடும்பத்தின் பெரிய பங்களா இருக்கிறதே, தொண்ணூற்றொன்பது கதவு வீடு என்பார்கள். அந்தக் குடும்பத்துத் துரை 1948இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது தாத்தா தோட்டத்தில் வேலையில் இருந்தார். அன்றைக்கு லயத்தில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை, அவ்வளவு பயம் என்று சொல்வார்.

இப்போது பையன்கள் பேய் தேடிக்கொண்டு அங்கே போய் வீடியோ போடுகிறார்கள். பார்த்தால் மனசு வலிக்கிறது. அத்தனை கதவுக்கும் காசு எங்கேயிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஒப்பந்தக் கூலி முறையை 1910இல்தான் நிறுத்தினார்கள். அதுவரை கரும்புக் காட்டில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களைப் பற்றி ஒரு வீடியோ போடட்டும், நான் முதல் ஆளாகப் பார்க்கிறேன்.

சுங்கை பாக்காப் உறுப்பினர்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் நிபோங் திபால் பக்கத்துப் பைராம் தோட்டத்தில் இருந்தவர். அப்புறம் நிறுத்தாமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு ஊர் என்றால் ரயில் நிலையமும் கடைத்தெருவும்தான். 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆறு மீன் பிடிக்கிற இடம், அவ்வளவுதான். சம்பளம் போட்ட மறுநாள் தோட்டமே நிபோங் திபாலுக்கு நடந்து வருமாம். முதலில் சீனர் கடையில் பற்றைத் தீர்ப்பார்கள். மிஞ்சியதில் பிள்ளைகளுக்குத் துணி. மிஞ்சாத மாதம்தான் அதிகம் என்றார்.

ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டதும் ஆள் தேவை குறைந்தது. லயங்கள் காலியாகி, எங்கள் குடும்பம் ஜாவி ஊர்ப் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டது.

அக்கா, உங்கள் வீடு கலிடோனியாவில் எந்த லயம்? பெரியம்மாவின் தங்கை அங்கேதான் வாக்கப்பட்டுப் போனார். உங்கள் அம்மாவோடு களை எடுத்திருப்பார் என்று பெரியம்மா அடித்துச் சொல்கிறார். எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், பேச வைக்கிறேன்.